முதல் சுற்றில் யாரை எடுப்பது?

விளையாட்டு லீக்குகளில் வீரர்களை அணிகளுக்குப் பங்கிட்டுக் கொடுக்கும் முறைகளில் ஒன்று டிராஃப்ட். லீக்கில் ஆடத் தயாராக இருக்கும் வீரர்களின் பெயர்கள் எல்லாம் ஒரே பட்டியலில் இருக்கும். முன்கூட்டியே வகுத்த வரிசைப்படி அணிகள் ஒவ்வொன்றாக வந்து ஆளுக்கொரு பெயரைச் சொல்லும். ஓர் அணி சொன்ன பெயரை அடுத்த அணி தொட முடியாது. எல்லா அணிகளும் ஒருமுறை சொல்லி முடித்தால் ஒரு சுற்று. ஏலத்தில் பணம் அதிகம் வைத்திருப்பவர் கை ஓங்கும். டிராஃப்டில் விலையேற்றிக் கேட்க முடியாது, பல லீக்குகளில் வீரரின் விலையும் முன்பே எழுதப்பட்டிருக்கும் என்பதால், முந்திக் கேட்கும் உரிமைக்குத்தான் மதிப்பு. பெயர்பெற்ற வீரர்கள் பெரும்பாலும் முதல் சுற்றிலேயே போய்விடுவார்கள்.

ரசிகர்களின் வாதம் முதல் சுற்றைச் சுற்றியே நடப்பதற்குக் காரணமும் இதுதான். ஆட்டம் நடக்கும்போது ரசிகருக்குக் கத்த மட்டுமே முடியும். டிராஃப்டுக்கு முந்தைய நாட்களில் பட்டியல் எல்லோர் கையிலும் இருக்கிறது, அணியின் ஓட்டை எங்கே என்று எல்லோருக்கும் தெரிகிறது. ஆளாளுக்குத் தேர்வாளராகிவிடலாம். இந்தியக் கால்பந்தில் இந்த வாய்ப்பு சில ஆண்டுகளுக்கு மட்டுமே கிடைத்தது. பெங்களூர் ரசிகர்களுக்கு அது தங்கள் சொந்த அணியோடு கிடைத்தது ஒரே ஒரு முறை, 2017 ஜூலையில்.

கடைசி அணிக்கு முதல் வாய்ப்பு

டிராஃப்ட் பிறந்தது அமெரிக்காவில். அமெரிக்கர்கள் ஃபுட்பால் என்று சொல்வது கையில் பந்தை எடுத்துக்கொண்டு ஓடும் வேறொரு ஆட்டம். அதன் தேசிய லீக்கில் 1930களில் நியூயார்க், சிகாகோ போன்ற பெரிய ஊர் அணிகள் கல்லூரிகளில் பெயரெடுத்த வீரர்களைப் பணத்தால் இழுத்துக்கொண்டன. சிறிய அணிகள் தோற்றுக்கொண்டே இருந்தன. தோற்கும் அணியின் ஆட்டத்தைப் பார்க்கக் கூட்டம் வரவில்லை, கூட்டம் வராததால் நல்ல வீரரை வாங்கப் பணமில்லை. பிலடெல்பியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் இந்தச் சுழலை உடைக்க ஒரு யோசனை சொன்னார். போன ஆண்டு கடைசி இடத்தில் வந்த அணி முதலில் தேர்ந்தெடுக்கட்டும், முதலிடத்தில் வந்த அணி கடைசியில் எடுக்கட்டும் என்பதே அது. முதல் டிராஃப்ட் 1936 பிப்ரவரியில் பிலடெல்பியாவில் நடந்தது.

அந்த முதல் டிராஃப்டின் முதல் பெயர் ஜே பெர்வாங்கர். சிகாகோ பல்கலைக்கழகத்தின் நட்சத்திரம். அவர் தொழில்முறை லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடவில்லை. சம்பளம் படியாததால் வேறு வேலைக்குப் போய்விட்டார். வரலாற்றின் முதல் தேர்வே வீணாகப் போனது, டிராஃப்ட் விவாதங்கள் ஓயாமல் நடப்பதற்கு நல்ல முன்னுரை.

உலகின் மற்ற நாட்டுக் கால்பந்தில் டிராஃப்ட் பெரும்பாலும் வேர்விடவில்லை. ஐரோப்பாவிலும் தென் அமெரிக்காவிலும் கிளப்புகளே சிறுவர்களைப் பத்து வயதிலேயே சேர்த்து வளர்க்கின்றன. வளர்த்த வீரரை இன்னொரு கிளப் கேட்டால் மாற்றுத் தொகை கொடுத்து வாங்க வேண்டும். அதைவிட முக்கியமான காரணம் ஒன்று உண்டு. அங்கே கடைசி இடத்தில் வரும் அணி கீழ் டிவிஷனுக்கு இறக்கப்படும். தோற்றவனுக்குத் தண்டனை என்பது அந்த முறை. தோற்றவனுக்குக் கைகொடுப்பது டிராஃப்ட். அணிகளின் எண்ணிக்கை நிலையாக இருந்து, யாரும் கீழே இறங்காத லீக்கில்தான் அது செல்லுபடியாகும். இந்தியாவில் 2014இல் தொடங்கிய இந்தியன் சூப்பர் லீக் அப்படிப்பட்ட லீக்காகவே பிறந்தது.

அல்சூர்ப் பக்கத்துக் கால்பந்து

பெங்களூரில் அல்சூருக்கும் இந்திராநகருக்கும் இடையில் இருக்கிறது ஜோகுபாளையம். கன்னடத்தில் ஹலசூர் என்று எழுதப்படும் இடத்தை அங்குள்ள தமிழர்கள் அல்சூர் என்றே சொல்வார்கள். பழைய கண்டோன்மெண்டின் கிழக்கு ஓரம் இது. ஏரிக்கரையில் பெங்களூர்த் தமிழ்ச் சங்கமும், 2009இல் திறக்கப்பட்ட திருவள்ளுவர் சிலையும், மெட்ராஸ் சாப்பர்ஸ் படைப்பிரிவின் மையமும் பக்கம் பக்கமாக இருக்கின்றன. பக்கத்துப் பேட்டையான கௌதமபுரத்தில் புத்தர், அம்பேத்கர், அன்னை தெரசா சிலைகளுக்குத் துணையாக பிரேசில் வீரர் பெலேவுக்கும் சிலை வைத்திருக்கிறார்கள். ஆஸ்டின் டவுன், மர்பி டவுன் என்று இந்தப் பக்கத்துப் பேட்டைகள் பலவற்றிலும் கால்பந்துதான் முதல் ஆட்டம். கண்டோன்மெண்டில் வெள்ளைக்காரப் பட்டாளம் ஆடிய பந்து, சுற்றியிருந்த தொழிலாளர் குடியிருப்புகளுக்குள் உருண்டு வந்து அங்கேயே தங்கிவிட்டது.

வீரரைத் தேர்ந்தெடுப்பது பற்றிய பேச்சு இங்கே டிராஃப்டுக்கு வெகுகாலம் முன்பே உண்டு. அப்போது எடுக்கிற இடத்தில் இருந்தது கல்கத்தா. மோகன் பகான், ஈஸ்ட் பெங்கால், முகமதன் ஸ்போர்ட்டிங் கிளப்புகள் தெற்கே திறமை எங்கே இருக்கிறது என்று பார்த்துக்கொண்டே இருந்தன. 1948 லண்டன் ஒலிம்பிக் அணியில் மைசூர் மாநிலத்து வீரர்கள் பலர் இருந்தார்கள். பிரான்சிடம் 2-1 என்று தோற்ற ஆட்டத்தில் இந்தியாவின் ஒரே கோலை அடித்தவர் சாரங்கபாணி ராமன். அதே அணியிலிருந்த பெங்களூரின் அகமது கானும் கே.பி. தன்ராஜும் பிறகு ஈஸ்ட் பெங்காலின் புகழ்பெற்ற ஐந்து முன்வரிசை வீரர்களில் இருவர் ஆனார்கள். ‘பஞ்ச பாண்டவர்’ என்று அந்த ஐவருக்குப் பெயர். 1962 ஜகார்த்தா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் இருந்த அருமைநாயகமும் பெங்களூரிலிருந்து மோகன் பகானுக்குப் போனவர்.

ஊரிலேயே தங்கியவர்களை எடுத்தவை அரசு நிறுவனங்கள். ஹெச்.ஏ.எல்., ஐ.டி.ஐ. போன்ற தொழிற்சாலைகள் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை கொடுத்து வீரர்களைச் சேர்த்தன. பெங்களூர்ச் சிறுவனுக்குக் கால்பந்து என்பது கோப்பையைவிட, நிரந்தர வேலைக்கும் கேன்டீன் சாப்பாட்டுக்கும் பென்ஷனுக்கும் ஒரு வழியாக இருந்தது. மைசூர் மாநில அணி 1946-47, 1952-53, 1967-68, 1968-69 ஆகிய ஆண்டுகளில் மாநில அணிகளுக்கான சந்தோஷ் கோப்பையை வென்றது இந்த அடித்தளத்தில்தான். அதன்பின், கர்நாடகம் என்று பெயர் மாறிய அந்த மாநிலத்துக்குக் கோப்பை மறுபடி கிடைக்க 2023 மார்ச்சில் ரியாத்தில் நடந்த இறுதி ஆட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

சொந்த அணி, இரவல் வீரர்கள்

2013இல் ஜே.எஸ்.டபிள்யூ. குழுமம் பெங்களூரு எஃப்.சி.யைத் தொடங்கியது. முதல் ஆண்டு ஆட்டங்கள் அசோக் நகரின் பழைய கால்பந்து மைதானத்தில் நடந்தன, பிறகு கண்டீரவா ஸ்டேடியத்துக்கு மாறின. மேற்குப் பக்க இருக்கைகளில் கூடி நின்று தொண்டை கிழியப் பாடிய கூட்டம் ‘வெஸ்ட் பிளாக் ப்ளூஸ்’ என்று பெயர் பெற்றது. முதல் சீசனிலேயே, அப்போது நாட்டின் முதன்மை லீக்காக இருந்த ஐ-லீக்கின் பட்டம் வந்தது. 2015-16இல் இரண்டாவது முறையும் வந்தது. 2016 நவம்பரில் ஆசிய கிளப்புகளுக்கான ஏ.எஃப்.சி. கோப்பையின் இறுதி ஆட்டம் வரை போய், தோஹாவில் ஈராக்கின் விமானப்படை அணியிடம் 1-0 என்று தோற்றது. ஓர் இந்திய கிளப் அந்த இறுதி ஆட்டத்துக்குப் போனது அதுவே முதல் முறை.

இதே காலத்தில் இந்தியன் சூப்பர் லீக் (ஐ.எஸ்.எல்.) தனியாக நடந்துகொண்டிருந்தது. அதில் பெங்களூருக்கு அணி இல்லை. ஆரம்பத்தில் பெங்களூருக்கென்று ஓர் இடம் ஒதுக்கப்பட்டு, அதை எடுத்தவர்கள் விலகிக்கொண்டதால் அந்த இடம் சென்னைக்குப் போனது. ஐ.எஸ்.எல். அக்டோபர் முதல் டிசம்பர் வரை, ஐ-லீக் ஜனவரி முதல் மே வரை என்று பருவங்கள் வேறாக இருந்ததால், ஒரே வீரர் ஆண்டின் ஒரு பாதியில் ஓர் அணிக்கும் மறுபாதியில் இன்னொரு அணிக்கும் ஆடினார்.

2014இல் உள்நாட்டு வீரர்கள் டிராஃப்ட் மூலம் பங்கிடப்பட்டார்கள். 2015 ஜூலையில் டிராஃப்டோடு பத்துப் பேருக்கு மட்டும் தனியாக ஏலமும் நடந்தது. பெங்களூரு கேப்டன் சுனில் சேத்ரியை மும்பை சிட்டி 1.2 கோடி ரூபாய்க்கு எடுத்தது. நடுக்கள வீரர் யூஜின்சன் லிங்டோ 1.05 கோடிக்குப் புனே சிட்டிக்கும், வலப்பக்கத் தடுப்பாட்டக்காரர் ரினோ ஆன்டோ 90 லட்சத்துக்குக் கொல்கத்தாவுக்கும் போனார்கள். ஜனவரியில் மூவரும் நீலச் சட்டை போட்டுக் கண்டீரவாவுக்குத் திரும்பினார்கள். பெங்களூர் ரசிகருக்கு அந்த ஏலம், பக்கத்து வீட்டுக்காரர் மூன்று மாதத்துக்கு நம் வண்டியை இரவல் கேட்டு வாங்கிப்போவது மாதிரி. கோளாறில்லாமல் திரும்பி வந்தால் போதும் என்பதே கவலை. யாரை எடுப்பது என்று வாதாட அவருக்கு அங்கே இடமில்லை.

2017: முதல் இரண்டு சுற்றில் கைகட்டி

2017 ஜூனில் நிலைமை மாறியது. ஐ.எஸ்.எல். புதிதாக இரண்டு அணிகளைச் சேர்த்தது. பெங்களூரு எஃப்.சி. ஒன்று, டாடா ஸ்டீல் நடத்தும் ஜாம்ஷெட்பூர் எஃப்.சி. மற்றொன்று. இனி இரண்டு லீக்குகளும் ஒரே பருவத்தில் நடக்கும் என்பதால் ஒரு வீரருக்கு ஓர் அணிதான். இதுவரை இரவல் போய் வந்தவர்கள் இப்போது ஒரு பக்கம் நின்றாக வேண்டும். டிராஃப்ட் ஜூலை 23ஆம் தேதி மும்பையில் 15 சுற்றுகளாக நடந்தது.

விதிகளில் முக்கியமானது தக்கவைப்பு. ஓர் அணி அதிகபட்சம் இரண்டு மூத்த வீரர்களையும், 21 வயதுக்குட்பட்ட மூவரையும் தன்னோடு வைத்துக்கொள்ளலாம். மற்ற எல்லோரும் பொதுப் பட்டியலுக்குப் போவார்கள். இரண்டு மூத்த வீரர்களைத் தக்கவைத்த அணி டிராஃப்டின் முதல் இரண்டு சுற்றுகளில் கைகட்டி உட்கார்ந்திருக்க வேண்டும். யாரையும் தக்கவைக்காத ஜாம்ஷெட்பூர் போன்ற அணிக்குத்தான் முதல் சுற்று.

ஆகவே பெங்களூரின் உண்மையான முதல் சுற்று மும்பை மேடையில் நடக்கவில்லை. யாரை வைத்துக்கொள்வது என்ற தீர்மானத்திலேயே அது முடிந்துவிட்டது. அணி சேத்ரியையும் உதாந்தா சிங்கையும் வைத்துக்கொண்டது.

சேத்ரி பற்றி யாருக்கும் மறுப்பில்லை. அப்போது அவருக்கு 33 வயது ஆகப்போகிறது என்றாலும் அவர் இல்லாத பெங்களூரு அணியைக் கற்பனை செய்யக்கூட முடியாது. வாதத்துக்கு இடம் இருந்தது இரண்டாவது பெயரில். லிங்டோ 2015இல் அகில இந்தியக் கால்பந்து சம்மேளனத்தின் ஆண்டின் சிறந்த வீரர் விருது பெற்றவர், முப்பது வயதைத் தாண்டியவர். ஆன்டோ தொடக்க ஆண்டிலிருந்து கூட இருந்தவர். உதாந்தா 21 வயது மணிப்பூர்ப் பையன், வேகத்துக்குப் பெயர் பெற்ற விங்கர், மேலே ஏறிக்கொண்டிருந்தவர். இன்றைய விளைச்சலா, நாளைய விதையா என்று சுருக்கிவிடக்கூடிய கேள்வி இது. அணி விதையைத் தேர்ந்தெடுத்தது. லிங்டோ 1.10 கோடி ரூபாய் விலையில் கொல்கத்தாவுக்குப் போனார், ஆன்டோ கேரளா பிளாஸ்டர்ஸுக்குப் போனார். பெங்களூருக்கு ஐ-லீக்கில் ஆடிவந்த சி.கே. வினீத்தை கேரளா முன்பே தக்கவைத்திருந்தது.

வாதத்தின் கேள்விகள்

டிராஃப்டுக்கு முன் நடக்கும் ரசிகர் வாதங்களைக் கேட்டால் நூறு பெயர்கள் அடிபடும். ஆனால் அவற்றுக்கு அடியில் இருப்பவை நான்கைந்து கேள்விகள்தான். டீக்கடை பெஞ்சிலும் மைதானத்து ஓரத்துச் சுவரிலும் எழும் அதே கேள்விகளோடுதான் கிளப்பின் தேர்வுக் குழுவும் மேசையில் உட்காருகிறது.

முதலாவது, தேவையா தரமா என்பது. அணியில் இடப்பக்கத் தடுப்பாட்டக்காரர் இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பட்டியலில் சுமாரான ஒரு தடுப்பாட்டக்காரரும் அருமையான ஒரு விங்கரும் இருக்கிறார்கள். விங்கர் ஏற்கெனவே இரண்டு பேர் உண்டு. “ஓட்டை எங்கேயோ அங்கே அடை” என்பது ஒரு கட்சி. “நல்ல ஆளை விட்டுவிட்டால் நாளைக்கு அவனே நம் வலையில் கோல் போடுவான்” என்பது எதிர்க்கட்சி. முன்னவர்கள் வரப்போகும் சீசனைப் பார்க்கிறார்கள். பின்னவர்கள் ஐந்து வருடம் தள்ளிப் பார்க்கிறார்கள். அமெரிக்க அணிகளின் மேலாளர்கள் எண்பது ஆண்டுகளுக்கு மேலாக இதற்கு ஒரே விடை காண முயன்று தோற்றிருக்கிறார்கள்.

இரண்டாவது, எந்த இடத்து வீரர் என்பது. 2017இல் ஐ.எஸ்.எல்.லில் இந்தக் கேள்விக்கு ஒரு தனிக் கணக்கு இருந்தது. அந்த டிராஃப்ட் இந்திய வீரர்களுக்கு மட்டும். வெளிநாட்டவரை ஒவ்வோர் அணியும் தானே தேடி ஒப்பந்தம் செய்துகொண்டது. 2017-18 சீசனில் விதி மாறி, களத்தில் ஒரே நேரத்தில் ஐந்து வெளிநாட்டவருக்கு மேல் இருக்கக் கூடாது என்று ஆனது. குறைந்தது ஆறு பேர் இந்தியராக இருந்தாக வேண்டியிருந்தது. கோல் அடிக்கும் இடத்துக்கும் ஆட்டத்தை நடத்தும் நடுக்களத்துக்கும் அணிகள் பெரும்பாலும் வெளிநாட்டவரையே கொண்டுவந்தன. அப்படியானால் கோல்கீப்பர், தடுப்பாட்டக்காரர்கள், விங்கர்கள் ஆகிய இடங்கள் பெரும்பாலும் இந்தியர்களுக்கு. இந்த இடங்களில் நல்ல இந்தியர் குறைவு, தேவை எல்லா அணிக்கும் உண்டு. பட்டியலின் உச்ச விலையான 1.10 கோடி, லிங்டோவுக்கு இருந்ததைப் போலவே நடுத் தடுப்பாட்டக்காரர் அனஸ் எடத்தொடிகாவுக்கும் இருந்தது இதனால்தான். முதல் வாய்ப்பு பெற்ற ஜாம்ஷெட்பூர் அனஸைத்தான் எடுத்தது. கோல்கீப்பர் சுப்ரதா பாலையும் அந்த அணியே எடுத்துக்கொண்டது. கோல் போடுபவரை எடுக்க வேண்டும் என்று குரல் கொடுக்கும் ரசிகர் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்.

மூன்றாவது, வயது. 18 வயதுப் பையனின் திறமை ஒரு நம்பிக்கை மட்டுமே. 30 வயதுக்காரரின் திறமை நிரூபணமானது, ஆனால் தேய ஆரம்பித்தது. 26 வயதுக்காரர் இரண்டுக்கும் நடுவில் நிற்பார், விலையும் அவருக்குத்தான் அதிகம். வயதோடு பெயரும் கணக்கில் வரும், பெரிய பெயருக்கு டிக்கெட் விற்கும், சட்டை விற்கும். அடக்கமாக ஆடும் தடுப்பாட்டக்காரருக்காக யாரும் சட்டை வாங்குவதில்லை.

நான்காவது கேள்வி ஜோகுபாளையம், கௌதமபுரம் போன்ற இடங்களில் மற்றவற்றைவிட உரக்கக் கேட்கும். நம்ம ஊர்ப் பையன் எங்கே? இந்தியக் கால்பந்தின் களம் கடந்த சில பத்தாண்டுகளில் வடகிழக்குக்கும் கோவாவுக்கும் கேரளத்துக்கும் நகர்ந்துவிட்டது. ஒரு காலத்தில் ஒலிம்பிக்குக்கு ஆட்களை அனுப்பிய பேட்டைகளில் இருந்து உச்ச லீக்குக்குப் போகிறவர்கள் குறைந்துவிட்டார்கள். ஐ-லீக் ஆண்டுகளில் பெங்களூரு அணியின் நடுக்களத்தில் ஆடிய சங்கர் சம்பங்கிராஜ் போன்ற உள்ளூர்க்காரர் ஒருவர் களமிறங்கும்போது கிழக்குப் பேட்டைகளுக்குத் தனி உற்சாகம் பிறக்கும். ஆனால் டிராஃப்ட் என்ற ஏற்பாட்டுக்கு ஊர்ப் பாசம் கிடையாது. வரிசை எண்தான் வீரர் எந்த ஊருக்குப் போவார் என்று தீர்மானிக்கிறது. சொந்த ஊர் அணி கேட்பதற்குள் வேறு ஊர் கேட்டுவிட்டால் பையன் ரயில் ஏற வேண்டியதுதான்.

டெல்லி விட்டது, பெங்களூர் எடுத்தது

தேவையா தரமா என்ற கேள்விக்குப் பெங்களூர் ஒரு மறக்க முடியாத உதாரணத்தை வைத்திருக்கிறது. அது கிரிக்கெட்டிலிருந்து வருகிறது. ஐ.பி.எல். என்றால் ஏலம் என்றே எல்லோரும் நினைப்பார்கள். ஆனால் 2008 மார்ச்சில், முதல் சீசனுக்கு முன்பு, 19 வயதுக்குட்பட்ட வீரர்களுக்கு மட்டும் ஒரு டிராஃப்ட் நடந்தது. அந்த மாதத் தொடக்கத்தில்தான் இந்திய இளையோர் அணி கோலாலம்பூரில் உலகக் கோப்பை வென்றிருந்தது. அணியின் கேப்டன் டெல்லிக்காரர், விராட் கோலி.

டிராஃப்டில் முதல் வாய்ப்பு டெல்லி அணிக்கே கிடைத்தது. ஊர்ப் பையன், உலகக் கோப்பை கேப்டன். டெல்லி அவரை எடுக்கவில்லை. சேவாக், காம்பீர் என்று பேட்டிங் ஏற்கெனவே நிரம்பியிருந்ததால் இடக்கை வேகப்பந்து வீச்சாளர் பிரதீப் சங்வானைத் தேர்ந்தெடுத்தது. அன்றைய கணக்குப்படி அதில் தவறு சொல்ல முடியாது, ஓட்டை இருந்த இடத்தை அடைத்தார்கள். கோலி பெங்களூருக்கு வந்தார். பிறகு எல்லா சீசன்களிலும் அதே அணிக்கே ஆடினார். 2025 ஜூனில் அந்த அணி முதல்முறையாகக் கோப்பையைத் தூக்கியபோதும் அவர் களத்தில் இருந்தார். தரத்தின் கட்சிக்காரர்களுக்கு இதைவிடப் பெரிய சாட்சி வேண்டியதில்லை. ஆனால் அன்று பெங்களூரிலும் அவர் இவ்வளவு பெரிய ஆளாக வருவார் என்று கணித்து எடுத்தார்கள் என்று சொல்வதற்கில்லை. டெல்லி விட்டதால் அவர் பட்டியலில் மிஞ்சியிருந்தார்.

அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட கதைகள் நிறைய. 1998இல் முதல் இடத்துக்குப் பேட்டன் மேனிங்கா ரயன் லீஃபா என்று நாடே இரண்டுபட்டு வாதாடியது. மேனிங்கை எடுத்த அணி பட்டம் வென்றது. அடுத்த இடத்தில் போன லீஃப் சில சீசன்களிலேயே காணாமல் போனார். 2000இல் டாம் பிரேடி ஆறாவது சுற்றில், 199ஆவது ஆளாக எடுக்கப்பட்டார். அவர் வென்ற லீக் பட்டங்கள் ஏழு. அவருக்கு முன்னால் 198 பெயர்களைச் சொன்னவர்கள் எல்லோரும் அதே வேலையில் பழம் தின்று கொட்டை போட்டவர்கள்.

கணக்குப் பார்க்கும் நேரம்

ஒரு தேர்வு சரியா என்பது டிராஃப்ட் நடந்த மாலையில் தெரியாது. ரசிகர்கள் அன்றே மதிப்பெண் போட்டுவிடுவார்கள். விடைத்தாள் வர இரண்டு மூன்று ஆண்டுகள் ஆகும்.

2017-18 சீசனில் அனஸையும் சுப்ரதா பாலையும் வைத்து ஸ்டீவ் காப்பெல் பயிற்சியில் ஆடிய ஜாம்ஷெட்பூர் ஐந்தாம் இடத்தில் முடித்தது. முதல் நான்கு அணிகளுக்கே அரையிறுதி. அனஸ் ஒரே சீசனில் கேரளாவுக்கு மாறிவிட்டார். பெங்களூரு லீக் பட்டியலில் முதலிடம் பிடித்தது. 33 வயது சேத்ரி 14 கோல் போட்டார். தக்கவைத்த முதல் பெயர் கேள்விக்கே இடமில்லாமல் நியாயப்பட்டது. ஆனால் 2018 மார்ச்சில் கண்டீரவாவிலேயே நடந்த இறுதி ஆட்டத்தில் சென்னையின் எஃப்.சி. 3-2 என்று வென்றது. ஊரெல்லாம் நீலமாக இருந்த அன்றைக்கு, சென்னையிலிருந்து வந்த அணியிடம் தோற்றதைப் பெங்களூர்த் தமிழ் ரசிகர்கள் எந்தப் பக்கம் நின்று பார்ப்பது என்பதே ஒரு தனி வாதம்.

பெங்களூரு அந்த டிராஃப்டில் எடுத்தவர்களில் ராகுல் பேகே என்ற தடுப்பாட்டக்காரரும் ஒருவர். மும்பைக்காரர், ஈஸ்ட் பெங்காலுக்கு ஆடியிருந்தவர். அனஸ், லிங்டோ பெயர்கள் ஓடிய நாளில் அவர் பெயர் பெரிதாக அடிபடவில்லை. 2019 மார்ச் 17ஆம் தேதி மும்பையில் அடுத்த இறுதி ஆட்டம். எதிரே எஃப்.சி. கோவா. தொண்ணூறு நிமிடத்தில் யாரும் கோல் போடவில்லை. கூடுதல் நேரமும் முடியப்போகிறது. 117ஆவது நிமிடத்தில் டிமாஸ் டெல்காடோ அடித்த கார்னர் உள்ளே வந்தது, பேகே தலையால் முட்டி வலைக்குள் அனுப்பினார். பெங்களூருக்கு முதல் ஐ.எஸ்.எல். பட்டம், பேகேவுக்குச் சொந்த ஊரில். இரண்டு ஆண்டுகளுக்கு முன் அவர் பெயரைச் சொன்ன மேசைக்கு மதிப்பெண் அன்றுதான் கிடைத்தது.

போனவர்களின் கதையும் ஒரு சுற்று சுற்றி வந்தது. ரினோ ஆன்டோ 2018இலும் யூஜின்சன் லிங்டோ 2019இலும் பெங்களூருக்கே திரும்பினார்கள். வரிசையும் சுற்றும் பிரித்தவர்களை ஒப்பந்தம் மறுபடி சேர்த்தது.

டிராஃப்ட் போனபின்

2017க்குப் பிறகு ஐ.எஸ்.எல்.லில் அப்படியொரு டிராஃப்ட் நடக்கவில்லை. காரணங்கள் எளியவை. எல்லா அணிகளுக்கும் வீரர்கள் கிடைத்துவிட்டார்கள், பலருக்குப் பல ஆண்டு ஒப்பந்தம் இருந்தது. பன்னாட்டுக் கால்பந்தில் ஒப்பந்தமும் மாற்றுத் தொகையும்தான் வழக்கம், ஆண்டுதோறும் எல்லோரையும் பட்டியலில் கொட்டிப் பங்கிடுவது அதோடு ஒட்டவில்லை. லீக்கும் மெல்லத் தன் கதவைத் திறந்தது. 2022-23 ஐ-லீக் பட்டத்தை வென்ற பஞ்சாப் எஃப்.சி. அதன் மூலம் ஐ.எஸ்.எல்.லுக்கு உயர்ந்து வந்தது. கீழிருந்து மேலே வர வழியிருக்கும் லீக்கில் டிராஃப்டுக்குத் தேவை குறைந்துவிடுகிறது.

இப்போது அணிகள் வீரரை நேரடியாகப் பேசி எடுக்கின்றன, அல்லது தாங்களே வளர்க்கின்றன. சிவகங்கை மாவட்டத்திலிருந்து வந்த சிவசக்தி நாராயணன் இந்த இரண்டாவது வழியின் பலன். டிராஃப்ட் எதிலும் பெயர் இல்லாமல் இளம் வயதில் பெங்களூரு எஃப்.சி.யில் சேர்ந்து, அதன் இளையோர் அணிகள் வழியாக மேலே வந்தார். 2022 செப்டம்பரில் கொல்கத்தாவில் நடந்த டியூரண்ட் கோப்பை இறுதியில் மும்பை சிட்டிக்கு எதிராக முதல் கோலை அவர் போட, பெங்களூரு 2-1 என்று வென்றது.

ரசிகர்களின் வாதமும் இடம் மாறியிருக்கிறது. ஜூலையில் ஒரே நாளில் முடிந்துபோன பேச்சு, இன்று ஒப்பந்தக் காலம் திறந்திருக்கும் நாட்கள் முழுவதும் நீள்கிறது. யாரை வைத்துக்கொள்வது, யாரை விடுவது, அகாடமிப் பையனுக்கு இடம் கொடுப்பதா, வெளியிலிருந்து பேர்பெற்றவரைக் கொண்டுவருவதா என்று கேள்விகள் வேறு உடையில் வருகின்றன. தேவை, தரம், வயது, ஊர் என்ற அந்த நான்கும் அவற்றுக்குள்ளே இருக்கின்றன. ஜோகுபாளையத்து இளைஞர்கள் ஹலசூர் நிலையத்தில் மெட்ரோ ஏறி, மூன்றாவது நிலையமான கப்பன் பார்க்கில் இறங்கிக் கண்டீரவாவுக்கு நடக்கும் வழியில் அவற்றை இன்னொரு முறை அலசுவதற்கு நேரம் போதுமானது.